பழைய கம்ப்யூட்டரிலிருந்து புது லேப்டாப்புக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பழைய டெஸ்க்டாப்பில் இருக்கும் படங்களை புது லேப்டாப்புக்கு மாற்ற பென்டிரைவோடு மல்லுக்கட்டுகிறாய் என்று அப்பா சொன்னார். அக்கா கல்யாண வீடியோ மட்டும் ஏறவே மாட்டேன் என்கிறதாமே. பென்டிரைவ் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேல் போகும் கோப்பை அது ஏற்காது, எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் சரி. உன் வீட்டில் ரவுட்டரும் கிடையாது, எல்லாம் போன் ஹாட்ஸ்பாட்தான். அதனால் பாலிடெக்னிக் லேபில் பிள்ளைகளுக்கு நான் காட்டும் வழியை எழுதுகிறேன். போனில் சொன்னால் எண்கள் மாறிப்போகும்.

இரண்டு கம்ப்யூட்டரையும் நேரடியாக இணைக்க ஒரு லேன் கேபிள் வாங்கு. மேலே கேட்5இ என்று அச்சிட்டிருந்தால் போதும். கிராஸ் கேபிளா என்று கடையில் கேட்டால், சாதாரண நேர் கேபிளே கொடுங்கள் என்று சொல். பழைய 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) நெட்வொர்க் கார்டுகளில் 1, 2 ஆம் கம்பிகள் அனுப்புவதற்கு, 3, 6 ஆம் கம்பிகள் வாங்குவதற்கு. இரண்டு கம்ப்யூட்டரை நேர் கேபிளால் இணைத்தால் இரண்டும் ஒரே ஜோடியில் அனுப்பும், மற்ற ஜோடியில் ஒன்றுமே வராது. அதனால் ஒரு முனையில் மட்டும் ஆரஞ்சு ஜோடியையும் பச்சை ஜோடியையும் இடம் மாற்றி பிளக்கில் அழுத்திப் பொருத்துவோம், அதுதான் கிராஸ் கேபிள். நொடிக்கு 1000 மெகாபிட் வேகமுள்ள கிகாபிட் கார்டுகள் வந்த பிறகு அந்த மாற்றத்தைக் கார்டே செய்துகொள்கிறது. உன்னுடையவை இரண்டும் கிகாபிட்தான்.

இரு முனைகளிலும் யூஎஸ்பி இருக்கும் வயர் ஒன்று கடையில் கிடைக்கும். அதை மட்டும் இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவில் செருகிவிடாதே. இரண்டு பக்கமும் மின்சாரம் தள்ளினால் போர்ட் கெட்டுப்போகலாம்.

லேன் கேபிளைச் செருகியதும் போர்ட்டில் விளக்கு எரிகிறதா என்று பார். எரியாவிட்டால் விண்டோஸ் செட்டிங்ஸ் பக்கமே போகாதே, கேபிளைத்தான் பார்க்க வேண்டும். எரிந்தால் இரண்டுக்கும் ஐபி முகவரி கொடு, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் அடையாளம் காட்டும் எண். சும்மா விட்டாலும் இரண்டும் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தாங்களே எடுத்துக்கொள்ளும், வேலையும் நடக்கும். ஆனால் கையால் கொடுத்தால் எது எங்கே என்று தெளிவாகத் தெரியும். டெஸ்க்டாப்புக்கு 192.168.10.1, லேப்டாப்புக்கு 192.168.10.2, இரண்டுக்கும் மாஸ்க் (இரண்டும் ஒரே நெட்வொர்க் என்று காட்டும் எண்) 255.255.255.0. கேட்வே, டிஎன்எஸ் இரண்டும் இணையத்துக்குப் போகத்தான், அவற்றைக் காலியாக விடு.

அடுத்து ஷேரிங், அதாவது ஒரு கம்ப்யூட்டரின் கோப்புகளை இன்னொன்று எடுக்க அனுமதிப்பது. இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். இப்படி நேரடியாக இணைத்ததை விண்டோஸ் அடையாளம் தெரியாத நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு, பொது இடத்துக்கான பூட்டைப் போட்டுவிடும். ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு, டெஸ்க்டாப்பின் அட்வான்ஸ்டு ஷேரிங் பகுதியில் ஃபைல் ஷேரிங்கை ஆன் செய். பிறகு லேப்டாப்பிலிருந்து 192.168.10.1-ஐ பிங் செய்து பார், அதாவது டெஸ்க்டாப் பதில் தருகிறதா என்று கேட்கும் கட்டளை. பதில் வந்தால் பாதை சரி.

படங்கள் இருக்கும் ஃபோல்டரை, படிக்க மட்டும் அனுமதி கொடுத்து ஷேர் செய். லேப்டாப்பில் ஃபோல்டர் முகவரி எழுதும் இடத்தில் \\192.168.10.1 என்று அடித்து என்டர் தட்டு. பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். டெஸ்க்டாப்பில் உள்ள கணக்கைத்தான் கொடுக்க வேண்டும், லேப்டாப்பினுடையது அல்ல. நான்கு இலக்கப் பின் நம்பரும் செல்லாது. பாஸ்வேர்டே இல்லாத கணக்கை விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது, அதனால் முதலில் அங்கே ஒரு பாஸ்வேர்டு வைத்துவிடு.

எல்லாவற்றுக்கும் முன்னால் பொங்கல் ஃபோல்டரை காப்பி எடு, தம்பி. தாத்தா பேசும் வீடியோ வேறு எங்கும் இல்லை. அந்த டிஸ்க் கரகரவென்று சத்தம் போடுகிறது என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அவர் குரல் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது என்று தெரிந்தால்தான் நிம்மதி. கட் செய்யாதே, காப்பி மட்டும்.

கிகாபிட் இணைப்பில் நொடிக்கு 110 எம்பி வரை போகும். அந்த வேகம் கிடைத்தால் 200 ஜிபிக்கு அரை மணி நேரம்தான். பழைய டிஸ்க் அவ்வளவு வேகம் கொடுக்காது, சின்னச் சின்னப் படங்கள் இன்னும் மெதுவாக வரும், அது இயல்பு. ஆனால் 11, 12 எம்பியிலேயே நின்றால் கேபிளில் ஏதோ ஒரு கம்பி சரியாகப் பிடிக்கவில்லை. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டே போதும், அதனால் தானாக அந்த வேகத்துக்கு இறங்கிவிடும். வேறு கேபிள் போட்டுப் பார். இரண்டு கம்ப்யூட்டரும் நடுவில் ஸ்லீப்புக்குப் போகாதபடி வைத்துவிடு.

முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபோல்டரின் அளவும் கோப்புகளின் எண்ணிக்கையும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார். ஐபியைத் தானியங்கிக்கு மாற்றி, ஷேரிங்கை அணைத்த பிறகு ஹாட்ஸ்பாட்டை ஆன் செய். வெளி ஹார்டு டிஸ்க்கில் இன்னொரு பிரதி எடுக்கும்வரை டெஸ்க்டாப்பை யாருக்கும் கொடுத்துவிடாதே. பொங்கல் வீடியோ வந்ததும், இரவு எந்நேரமானாலும் சரி, எனக்குப் போன் செய்.

அன்புடன்,
அம்மா