கேஸ்கெட் பெட்டிக்குள் ஒரு தாள் வையுங்கள்

பழைய கார் எஞ்சின்களுக்கு கேஸ்கெட் (பாகங்கள் சேரும் இடத்தில் கசிவைத் தடுக்க நடுவே வைக்கும் தகடு) செட் தயாரித்து விற்பவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பெட்டியைத் திறந்தால் கார்க், காகிதம், ரப்பர் எல்லாம் ஒன்றாகச் சுருண்டு கிடக்கின்றன. எதை உலர்வாக வைப்பது, எதற்கு சீலன்ட் (கசிவு அடைக்கும் பசை) தடவுவது என்று ஒரு வரிகூட இல்லை. வாங்கியவர் என்ன செய்வார்? சிலிக்கோன் டியூபைப் பிதுக்கி எல்லாவற்றிலும் அப்பிவிடுகிறார். கசிவும் நிற்பதில்லை, அடுத்த முறை பிரிப்பதும் பெரும்பாடு.

பெட்டிக்குள் இரண்டு பக்கத் தாள் ஒன்று வைத்தால் போதும். அதில் என்ன இருக்க வேண்டும் என்று நாங்களே சொல்லிவிடுகிறோம்.

கசிவைக் கண்டுபிடிப்பதுதான் அதில் முதலில் வர வேண்டும். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங் அடியில் சொட்டினால் போதும், கிராங்க் தண்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் பின் சீல் போய்விட்டது என்று கியர்பாக்ஸை இறக்கிவிடுகிறார்கள். ஆயில் கீழே வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். எஞ்சினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பின்மூலையில் கசிந்தாலும், ஆயில் பிரஷர் சுவிட்சில் கசிந்தாலும் சொட்டுவது அதே இடத்தில்தான். எஞ்சினை டிகிரீசரால் கழுவிக் காயவிட்டு, சந்தேகப்படும் இடங்களில் டால்கம் பவுடர் தூவி, 15 நிமிடம் ஓடவிடுங்கள். டார்ச்சோடு மேலிருந்து கீழே பாருங்கள். பவுடர் ஈரமான இடங்களில் எது உயரத்தில் இருக்கிறதோ அதுதான் மூலம்.

அடுத்து மூச்சுக்குழாய். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே இழுக்கும் பிசிவி வால்வு அடைத்தால் கிராங்க்கேஸில் (கிராங்க் சுழலும் அறை) அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தாண்டி ஆயில் வெளியே வரும். வால்வைக் கழற்றி ஆட்டினால் உள்ளே கடகடக்க வேண்டும். ஐடிலில் ஆயில் ஊற்றும் வாய்மேல் மெல்லிய காகிதம் வைத்தால் அது ஒட்டி இழுபட வேண்டும். எகிறினால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்து இந்த அழுத்தம் ஏறும் எஞ்சினில் எந்த கேஸ்கெட் போட்டும் பயனில்லை. இதையும் தாளில் எழுதுங்கள், உங்கள் விற்பனை குறைந்தாலும் சரி.

தகட்டால் ஆன சம்பும் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) டேப்பெட் கவரும்தான் அதிகம் கெடுபவை. போல்ட்டை முறுக்க முறுக்க ஓட்டையைச் சுற்றித் தகடு குழிந்துவிடும். போல்ட் அருகில் கேஸ்கெட் நசுங்கும், இரண்டு போல்ட்டுக்கு நடுவில் இடைவெளி விழும். தகட்டைத் தட்டையான இரும்புக்கட்டிமேல் வைத்து, உருண்டைத்தலைச் சுத்தியலால் குழியை மெதுவாகத் தட்டி எடுக்க வேண்டும். கார்க்குக்குப் பெரும்பாலும் 5 முதல் 7 நியூட்டன் மீட்டர் போதும், எஞ்சினின் மேனுவல் வேறு அளவு சொன்னால் அதுவே சரி. கார்க் வெளியே பிதுங்கினால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். நடுவிலிருந்து ஓரத்துக்கு இரண்டு மூன்று சுற்றாக இறுக்கச் சொல்லுங்கள். பசை தடவுவதானால் கவர் பக்கம் மட்டும். ஹெட் பக்கம் உலர்வாக இருக்கட்டும்.

சிலிக்கோனுக்கு இடம் உண்டு. சம்ப் கேஸ்கெட் டைமிங் கவரோடும் பின் மெயின் கேப்போடும் (கிராங்க்கைப் பிடித்திருக்கும் மூடி) சேரும் மூலைகளில் பட்டாணி அளவு, அவ்வளவே. ஆயில் பிசுக்கு துளியும் இருக்கக் கூடாது. மிஞ்சியது உள்பக்கம் பிதுங்கிப் பிய்ந்து விழுந்தால் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும். அப்புறம் பேரிங் போகும், சொட்டு ஆயிலைவிட அது பெரிய செலவு.

சீல்களைப் பற்றி: ஸ்பிரிங் இருக்கும் பக்கம் ஆயிலை நோக்கி இருக்க வேண்டும், உதட்டில் ஆயில் தடவாமல் ஏற்றக் கூடாது. இரண்டு துண்டாக வரும் பின் சீலில் முனைகள் மெயின் கேப் சேரும் கோட்டிலிருந்து சுமார் 10 மி.மீ. தள்ளி நிற்கட்டும். முன் சீல் உரசும் புல்லி ஹப்பில் நகத்தால் தொட்டு உணரும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் கசியும். பள்ளத்தை மூடும் மெல்லிய வளையமான ரிப்பேர் ஸ்லீவ் ஏற்ற வேண்டும். அந்த ஸ்லீவின் அளவை உங்கள் தாளில் அச்சிடலாமே.

சில எஞ்சின்களில் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது. மோரிஸ் மைனர் போன்ற கார்களில் நீளவாக்கில் பொருத்திய பிஎம்சி ஏ-சீரிஸ் அப்படி. கிராங்க்கில் வெட்டிய மரைதான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. நிறுத்தியபின் நாலு சொட்டு விழுவது அதன் இயல்பு. அந்த செட்டில் இதை ஒரு வரியில் எழுதினால் பல கிளட்ச்கள் கழற்றப்படாமல் தப்பிக்கும்.

கார்க் உள்ள பெட்டியில் அடைத்த மாதத்தையும் போடுங்கள். அலமாரியில் காய்ந்து சுருங்கிய கார்க்கின் ஓட்டைகள் போல்ட்டோடு பொருந்துவதில்லை. வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் விரிந்துகொடுக்கும் என்பதையும் கூடவே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய எஞ்சின்களைப் பிரித்து மாட்டுகிறவர்கள்