வேலி இல்லாத தண்டவாளம்

அன்புள்ள சரவணா,

நீ பார்க்கச் சொன்ன ‘மான்ஸ்டர்’ படத்தை, அந்த ஜப்பான் இயக்குநர் கொரேடா எடுத்ததை, இரண்டு தடவை பார்த்துவிட்டேன். முதல் தடவை நடுவில் பால் பொங்கிவிட்டது, அதைக் கணக்கில் சேர்க்காதே. மினாட்டோ, யோரி என்ற அந்த இரண்டு பையன்களும் கடைசியில் உயிரோடு இருக்கிறார்களா என்று போனில் கேட்டாய். “செத்துட்டாங்கப்பா, பாவம்” என்றேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

செத்துவிட்டார்கள் என்று நினைக்கக் காரணம் இல்லாமல் இல்லை. புயல், மண்சரிவு, கவிழ்ந்து கிடக்கும் பழைய ரயில் பெட்டி. மினாட்டோவின் அம்மாவும் ஹோரி வாத்தியாரும் ஜன்னல் மேல் சேற்றை வழிக்க வழிக்க மழை மறுபடி கொண்டுவந்து பூசுகிறது. அப்புறம் பார்த்தால் பளீரென்று வெயில், பச்சைப் புல்லில் பையன்கள் ஓடுகிறார்கள். முன்னே தண்டவாளத்தை மறித்து நின்ற வேலியைக் காணோம். அதில்தான் நான் ஏமாந்தேன். இந்த உலகத்தில் எந்த வேலி தானாக விலகியிருக்கிறது?

ஆனால் யோரி கேட்கிறான், நாம் மறுபடி பிறந்துவிட்டோமா என்று. அப்படியெல்லாம் இல்லை, பழையபடியேதான் இருக்கிறோம் என்கிறான் மினாட்டோ. நல்லது என்கிறான் யோரி. உனக்குள் இருப்பது பன்றி மூளை என்று அப்பன் சொல்லிச் சொல்லி அடித்த பிள்ளை அவன். பிரபஞ்சமே சுருங்கி எல்லாம் புதிதாகப் பிறக்கட்டும் என்று காத்திருந்தவன், பழையபடி இருப்பதே நல்லது என்கிறான். செத்த பிள்ளை வாயில் அந்த வார்த்தையை வைக்க எழுதியவருக்கு மனசு வந்திருக்காது. யூஜி சகமோட்டோவுக்கு 2023 கான் விழாவில் திரைக்கதை விருது கொடுத்தார்கள்; இந்த ஓர் இடத்துக்கே கொடுக்கலாம். கூடவே வரும் பியானோ ரியூச்சி சகமோட்டோவுடையது. படம் திரைக்கு வருமுன், அந்த மார்ச்சிலேயே அவர் போய்விட்டார். அது ஒப்பாரி மாதிரி என் காதில் விழவில்லை.

இதையெல்லாம்விட என்னைத் தைத்தது அந்தக் கார் காட்சி. முதல் தடவை, வாத்தியார் மேல் உள்ள பயத்தில்தான் மினாட்டோ குதித்தான் என்று நினைத்தேன். ஒரே கதையை அம்மா, வாத்தியார், பையன் என்று மூன்று பேர் பக்கமிருந்தும் சொல்கிறார்கள் இல்லையா, பையன் பக்கம் வரும் மூன்றாம் பகுதியில்தான் விஷயம் புரிகிறது. உனக்குக் கல்யாணமாகி ஒரு குடும்பம் அமையும்வரை பாடுபடுவேன் என்று உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், சாதாரணக் குடும்பம் போதும் என்கிறாள் மினாட்டோவின் அம்மா. ஆசையாகத்தான் சொல்கிறாள். பையன் ஓடும் காரின் கதவைத் திறந்துவிடுகிறான்.

பொங்கலன்று நானும் உன்னிடம் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னேன். நீ “சரிம்மா” என்று போனை வைத்துவிட்டாய்.

கொரேடா மேல் எனக்கு ஒரு கோபம். பிள்ளைகளை வெயிலுக்குக் கொண்டுவந்துவிட்டார். அந்த அம்மாவை மட்டும் சேற்றிலேயே விட்டுவிட்டார்.

தரகர் வைத்துவிட்டுப் போன இரண்டு ஜாதகத்தையும் நேற்றுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று அப்பா கேட்டார். படம் பார்த்தேன் என்றேன்.

அம்மா