நாலு இருபது பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்களிடமிருந்து

காரைக்குடி வட்டாரத்துக் கல்லூரி முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

நான் வேதியியல் முதலாமாண்டு மாணவி. குன்றக்குடியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சின்ன ஊரிலிருந்து தினமும் காரைக்குடிக்கு வந்து போகிறேன். என் கல்லூரியின் பெயரை எழுதவில்லை. கல்லல், புதுவயல், தேவகோட்டைப் பக்கமிருந்து வேறு கல்லூரிகளுக்கு வரும் தோழிகளும் என்னைப் போலவே, கல்லூரி நேரமும் பஸ் நேரமும் ஒத்துப்போகவில்லை என்றுதான் சொல்கிறார்கள். அதனால் உங்கள் எல்லாருக்குமாக இந்த மடல்.

போன மாதம் ஆய்வகத்தில் நடந்ததை முதலில் சொல்கிறேன். ஆக்சாலிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட் கொண்டு டைட்ரேஷன் செய்ய வேண்டும். அமிலத்தைச் சூடாக்கி, அதில் எவ்வளவு பெர்மாங்கனேட் செலவாகிறது என்று அளக்க, பியூரெட் என்ற அளவுக் கண்ணாடிக் குழலிலிருந்து அதைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். முதல் சில சொட்டுகளின் நிறம் மறைய நேரமாகும், அப்புறம் வேகம் பிடிக்கும். முடிவில் ஒரே ஒரு சொட்டில் இளஞ்சிவப்பு வந்து நிற்கும். அந்தச் சொட்டுக்காகத்தான் அத்தனை பொறுமையும். அன்று என்னிடம் அது இல்லை. மணி நாலு ஐந்து. நாலு இருபதுக்கு எங்கள் பக்கம் போகும் டவுன் பஸ். அதை விட்டால் ஆறரைக்குத்தான். குழாயைக் கொஞ்சம் கூடுதலாகத் திருகிவிட்டேன், குடுவை முழுக்க ஊதாவாகிவிட்டது. மறுபடி செய்யச் சொன்னார்கள். செய்தேன், சரியாக வந்தது. வீட்டுக்குப் போய்ச் சேர ஏழே முக்கால் ஆனது. கண்மாய்க் கரையில் விளக்கு கிடையாது. அப்பத்தா டார்ச்சை வைத்துக்கொண்டு பாதி வழி வரை வந்து நின்றிருந்தார். அவருக்கு முழங்கால் வலி.

இதற்கு இரண்டு நாள் கழித்து வகுப்பில், "மணி அடிச்சா போதும், ஓடிடுவீங்க, படிப்புல அக்கறையே இல்லை" என்று பொதுவாகச் சொன்னார்கள். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் மூன்றாவது பெஞ்சில் இருந்த நாங்கள் ஐந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

காலை நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊருக்கு மினி பஸ் ஏழு மணிக்கு ஒன்று, எட்டே முக்காலுக்கு ஒன்று. முதல் பஸ்ஸில் ஏறி, குன்றக்குடியில் மாறினால் எட்டே காலுக்குக் கல்லூரிக்கு வந்துவிடுவேன். அப்போது கேட் திறந்திருக்கும், வகுப்பறையும் நூலகமும் பூட்டியிருக்கும். இரண்டாவது பஸ்ஸில் வந்தால் முதல் வகுப்பு போய்விடும். 75 சதவீத வருகையைக் காப்பாற்ற வேண்டுமே என்று ஏழு மணி பஸ்ஸிலேயே வருகிறேன். வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துத் திண்டில் உட்கார்ந்திருப்பேன். மழை பெய்தால் அதுவும் இல்லை. எனக்குப் படிக்க நேரம் இல்லை என்று சொல்ல மாட்டேன். காலையில் ஒரு மணி நேரம், பஸ் தவறினால் மாலையில் இரண்டு மணி நேரம் என் கையில் இருக்கிறது. உட்கார்ந்து படிக்க ஒரு மேசைதான் இல்லை.

பஸ் ஏன் இவ்வளவு குறைவு என்று எங்கள் ஊர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தெருவின் இந்தப் பக்கம் தொடங்கி அடுத்த தெரு வரை நீளும் வீடுகள், பெரும்பாலும் பூட்டிக் கிடக்கின்றன. வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்கும் கோயில் காரியத்துக்கும் வந்து திறப்பார்கள், நாலு நாள் ஊர் நிறைந்திருக்கும், அப்புறம் காரில் கிளம்பிவிடுவார்கள். தினமும் பஸ்ஸுக்கு நிற்பது நாங்களும் வேலைக்குப் போகிறவர்களும்தான். பிள்ளையார்பட்டியில் சதுர்த்தி என்றாலும், தைப்பூசத்துக்கு நகரத்தார் சமூகத்தினர் பழனிக்கு நடக்கும் நாட்களிலும் எங்கள் சாலையில் பஸ் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

விடுதியில் சேரலாமே என்கிறார்கள். விடுதிக் கட்டணம் எங்களுக்குக் கட்டாது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதாலும், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருவதாலும்தான் நான் கல்லூரிக்கே வந்தேன். பணம் இருந்தாலும் அப்பத்தாவை விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை. வீட்டிலிருந்து படிப்பதை நான் குறையாக நினைக்கவில்லை. நீங்களும் அப்படி நினைக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

வேதியியலை நான் விரும்பித்தான் எடுத்தேன். 1947-ல் அழகப்பச் செட்டியார் இங்கே கல்லூரி தொடங்கினார். பிறகு மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1953-ல் அது திறக்கப்பட்டது. படிப்பைத் தேடி நாம் ஊரை விட்டுப் போகாமல், படிப்பு நம் ஊருக்கு வந்தது. ஆனால் லித்தியம் மின்கலம் பற்றி எங்கள் துறையில் ஒரு சிறப்புரை வைத்தபோது அது நாலரை மணிக்கு. விடுதி மாணவிகள் கேட்டார்கள். மறுநாள் அவர்கள் நோட்டை வாங்கிப் பார்த்து எழுதிக்கொண்டேன். கேட்க நினைத்த கேள்வி அப்படியே இருக்கிறது.

புதுக் கட்டடம் எதுவும் கேட்கவில்லை. நூலகத்தையோ ஏதாவது ஒரு வகுப்பறையையோ காலை எட்டு மணிக்குத் திறந்து, மாலை ஆறேகால் வரை வைத்திருங்கள். ஆய்வக வகுப்பை மதியத்தின் கடைசியில் போடாமல் காலையில் போட முடியுமா என்று பாருங்கள். சிறப்புரைகளை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள். முதல் வகுப்பு இல்லையென்றால் முந்தின இரவே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள். விடிகாலை ஐந்து மணிக்கு அம்மா சோறு வடிக்க வேண்டியிருக்காது.

அடுத்த பருவத்துக்கான கால அட்டவணை போடும்போது பஸ் நேரங்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எது என்று ஐந்து பேரும் சேர்ந்து எழுத ஆரம்பித்துவிட்டோம். குன்றக்குடி, கல்லல் பக்கம் முடிந்தது. திங்கட்கிழமை அலுவலகத்தில் கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
குன்றக்குடிப் பக்கத்து முதலாமாண்டு மாணவி