வயர் எட்டிய தூரம்

பாரிஸ்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பிள்ளைக்குச் சளி விட்டுவிட்டது, குளிர்தான் விடவில்லை. வேலைக்கு எப்போது போவாய் என்று கேட்டிருந்தாய். பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கள் தகேர் தெருவைத் தாண்டுவதே பெரும்பாடாக இருக்கிறது, அம்மா.

இந்தத் தெருவில்தான் ஆன்யேஸ் வார்தா என்ற சினிமா டைரக்டர் 60 வருஷத்துக்கு மேல் குடியிருந்தார். அவருக்கும் கையில் சின்னப் பிள்ளை, தூரம் போக முடியாது. என்ன செய்தார் தெரியுமா? வீட்டிலிருந்தே கரண்டு இழுத்து, 80, 90 மீட்டர் வயர் எட்டிய தூரத்துக்குள் ஒரு படமே எடுத்துவிட்டார், 1975-ல். ரொட்டிக்கடை, கறிக்கடை, தையற்கடை, அங்கே வந்துபோகிறவர்கள், அவ்வளவுதான் படம். செண்ட் கடைக்காரரின் வயதான மனைவி, பொழுது சாய்ந்தால் எங்கோ கிளம்பப் பார்ப்பார், போகமாட்டார். ஆத்தாவின் கடைசிக் காலம் அப்படியே கண்முன் வந்தது. படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

முதலில் வார்தா நாடகக் கம்பெனியில் போட்டோ எடுத்தவர். சினிமா அதிகம் பார்த்ததுகூட இல்லை. 26 வயதில் சேத் என்ற துறைமுக ஊருக்குப் போய், மீனவர் குடியிருப்பில் முதல் படம் எடுத்தார். நம் கிளிஞ்சல்மேட்டில் வலை காய்வது போலவே அங்கேயும் காய்கிறது. அப்புறம் எத்தனையோ படங்கள். 70 வயதைத் தாண்டி, கையடக்கக் கேமராவோடு, அறுவடை முடிந்த வயலில் மிஞ்சியதைப் பொறுக்குகிறவர்களைத் தேடிப் போனார். நீ கதிர் பொறுக்கப் போனதைச் சொல்வாயே, அதேதான். கோணல் என்று வண்டி வண்டியாகக் கொட்டிய உருளைக்கிழங்கில், இதய வடிவத்தில் இருந்ததை எடுத்துவந்து வீட்டில் வைத்துப் படம் பிடித்தார். 2003-ல் வெனிஸ் கலைக் கண்காட்சியிலும் உருளைக்கிழங்கைத்தான் வைத்தார். 2017-ல் கௌரவ ஆஸ்கர். 2019 மார்ச்சில், 90 வயதில், காலமானார். பக்கத்து மோன்பர்னாஸ் கல்லறையில் கணவர் ழாக் டெமியோடு இருக்கிறார். அவரும் டைரக்டர்தான்.

சரி, வேலை விஷயம். தெருவிலுள்ள தையற்கடையில் கேட்டேன். பேண்ட் அடி மடிப்பது, ஜிப் மாற்றுவது, வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறார்கள். மிஷின் வாங்கிவிட்டேன்.

போன வாரம் சந்தையில் இதயம் மாதிரி ஒரு கிழங்கு கிடைத்தது. கல்லறையில் வைக்கலாம் என்று கொண்டுபோனேன். பிள்ளை அதைக் கையிலிருந்து விடவே இல்லை. ஜன்னலோரம் கிடக்கிறது, முளை விட்டிருக்கிறது.

அப்பாவை மாத்திரை மறக்காமல் போடச் சொல்.

உன் அன்பு மகள்