சனிக்கிழமை கூடுகை: இந்த முறை ஓர் ஓவியம்

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். வருகிற சனிக்கிழமை மாலை 7 மணிக்கு வழக்கம்போல வீடியோ அழைப்பில் கூடுவோம். இந்த முறை இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1601-இல் வரைந்த எம்மாவு விருந்து ஓவியத்தைப் பார்க்கிறோம். லண்டன் நேஷனல் கேலரியில் இருப்பது. அவர்கள் இணையதளத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி அழகு போய்விடும்.

முதலில் லூக்கா 24:13-35 வாசித்துவிடுங்கள். எம்மாவு ஊருக்குப் போகும் வழியெல்லாம் கூடவே நடந்தும் அடையாளம் தெரியாத, உயிர்த்தெழுந்த இயேசுவை, அவர் அப்பத்தைக் கையில் எடுத்ததும் சீஷர்கள் கண்டுகொள்கிறார்கள். அந்த நொடிதான் ஓவியம். இயேசுவுக்குத் தாடி இல்லை, ஒளிவட்டமும் இல்லை. மேசையில் அப்பம், சமைத்த கோழி, தண்ணீர்க் குடுவை. பழக்கூடை விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு, இப்போதே விழுந்துவிடும் போல இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் விடுதிக்காரர் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

இடப்பக்கம் நாற்காலியை விட்டு எழப்போகிற சீஷரின் முழங்கையைக் கட்டாயம் கவனியுங்கள். சட்டை கிழிந்திருக்கிறது. ஒட்டுப்போடாத அந்தச் சட்டையோடு உட்கார்ந்தவருக்கு முன்னால்தான் கர்த்தர் அப்பத்தை ஆசீர்வதிக்கிறார். இந்த ஓவியத்தில் எனக்கு மிக அழகான இடம் அதுதான்.

1606-இல் இதே காட்சியை கரவாஜியோ மறுபடி வரைந்தார். அது மிலானில் இருக்கிறது. அதில் பழக்கூடை கிடையாது, இருட்டு அதிகம். நேரம் இருந்தால் அதையும் பார்ப்போம்.

அப்புறம், உங்கள் வீட்டுச் சாப்பாட்டு இடத்தை, ஒதுங்க வைக்காமல், அப்படியே ஒரு படம் எடுத்து வெள்ளிக்கிழமை இரவுக்குள் குழுவில் போடுங்கள்.