பூனையை வெட்டாதே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. உன் குழந்தைப் பாட்டு வீடியோவில் வரும் பூனையைப் பார்த்து உன் டைரக்டர் சிடுசிடுத்ததாக எழுதியிருந்தாயே, அதற்குக் கடைசியில் வருகிறேன். நீ அனுப்பிய 1926 கார்ட்டூனைப் பார்த்தேன், 'மை ஓல்டு கென்டக்கி ஹோம்'. எலும்பு டிராம்போன் என்ற ஊதுகருவி ஆகிறதே, அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு படத்தில் வரும் நாய் நம்மைப் பார்த்து, பாட்டு வரிகள்மேல் குதிக்கும் பந்தைப் பார்த்துக்கொண்டே எல்லாரும் சேர்ந்து பாடுங்கள் என்கிறது. பேச்சுக்கு வாயசைவு ஒட்டி வருகிறது! மிக்கி மவுஸின் 'ஸ்டீம்போட் வில்லி' வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால். முதல் ஒலிக் கார்ட்டூன் என்ற பெருமை என்னவோ டிஸ்னிக்குப் போய்விட்டது.

அந்தப் பந்து வரைந்ததே இல்லையாம், தெரியுமா? பாட்டு வரிகளை ஓர் உருளையில் எழுதிச் சுற்றுவார்கள். கறுப்புக் குச்சி நுனியில் வெள்ளைப் பந்து. ஓர் ஆள் பாட்டைக் கேட்டுக்கொண்டே அதை எழுத்துக்கு எழுத்துத் தட்டி நகர்த்த, கேமரா அப்படியே பிடித்துக்கொள்ளும். கறுப்பில் கறுப்பு, குச்சி தெரியாது. காலமெல்லாம் பிள்ளைகளுக்குத் தாளம் போடச் சொல்லிக்கொடுத்தவள் நான்; கை போட்ட தாளம் எனக்குத் தெரியாதா?

அந்தக் கார்ட்டூனின் டைரக்டர் டேவ் ஃபிளைஷர், தயாரிப்பாளர் மேக்ஸின் தம்பி. டேவ் கோமாளி உடுப்பில் ஆடியதைப் படமெடுத்து, அதன்மேல் வரைந்துதான் அவர்களுடைய கார்ட்டூன் கோமாளி கோகோ பிறந்தான். ஆள் அப்படி, கதை எல்லாம் அப்புறம், ஒவ்வொரு காட்சியிலும் ஒரு சிரிப்பு இருந்தாக வேண்டும். அனிமேட்டர்களின் மேஜை மேஜையாகப் போய் அதைத்தான் கேட்பாராம். காட்சியை வகுத்ததில் பெரும்பங்கு தலைமை அனிமேட்டர்களுடையது, பெயர் அவருக்கு. (உங்கள் ஆபீஸிலும் அப்படித்தானே!) அதனால் அவர் படங்களில் நாற்காலியும் ஆடும், வீடும் கண் சிமிட்டும். எனக்குச் சில இடங்களில் திகட்டத்தான் செய்தது.

ஆனால் இவர்களின் பந்து குதிக்கும் பாட்டுக் கார்ட்டூன்களில் பாட்டு வந்ததும் முதல் சுற்றில் பந்து மட்டும்தான். சனங்களுக்கு மெட்டு பிடிபட்ட பிறகு, கடைசிச் சுற்றில்தான் பந்துக்குப் பதில் பொம்மைகள் எழுத்துமேல் ஏறிக் குதிக்கும். எழுத்துகளே சேட்டை செய்யும்.

உன் குழந்தைப் பாட்டு வீடியோவில் அந்தப் பூனை முதல் வரியிலேயே கண்ணடிக்கிறது. உன் டைரக்டர் சிடுசிடுத்ததில் பாதி நியாயம் உண்டு. அதற்காகப் பூனையை வெட்டிவிடாதே, கடைசிச் சுற்றுக்குத் தள்ளிப் போடு. மாற்றியதும் எனக்கு அனுப்பு, இங்கே பிள்ளைகளைப் பாட வைத்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா