ஆண்டறிக்கை 2024–25: வரும் கல்வியாண்டின் நிகழ்வுகளும் வாய்ப்புகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வரும் ஜூலை முதல் அடுத்த மே வரை மாணவர்களுக்கும் பணியாளர்களுக்கும் என்னென்ன வரப்போகிறது, அதற்கு இப்போதே எதை எடுத்து வைக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்த அறிக்கையில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். பைசுஅள்ளியில் உள்ள பெரியார் பல்கலைக்கழக முதுநிலை விரிவாக்க மையம், தருமபுரி அரசு கலைக் கல்லூரி, செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி, கிருஷ்ணகிரிக் கல்லூரிகள் என்று எங்கிருந்து வந்தாலும் நம் சங்கத்தின் உதவி மேசைக்கு வரும் சிக்கல் ஒன்றுதான். தகுதி இருக்கும், தாள் சரியாக இருக்காது.

பெயரும் இனிஷியலும்

மாதேஷ் என்ற பெயர் நம் பக்கம் தெருவுக்குத் தெரு உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றில் மாதேஷ், ஆதாரில் மாதேஸ், வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் முன்னால், சாதிச் சான்றில் இனிஷியலே இல்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் ஓர் ‘எச்’ கூடும் அல்லது குறையும். கணினிக்கு இவர்கள் நான்கு பேர். டிஜிலாக்கரில், பாடங்களில் தேறிப் பெற்ற கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் கல்விக் கடன்மதிப்பு வங்கி (ஏபிசி) எண் எடுக்கப் போனால், பல்கலைக்கழகப் பதிவேட்டுப் பெயரும் ஆதார் பெயரும் ஒட்டாமல் அங்கேயே நின்றுவிடும்.

திருத்துவதில் ஒரு வரிசை உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் அதற்கு ஒத்ததாக மாற்றுங்கள். பலர் தலைகீழாக, ஆதாரை வைத்துக்கொண்டு சான்றிதழை மாற்றக் கிளம்புகிறார்கள். அது அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை போகும் வேலை, மாதக்கணக்கில் இழுக்கும். ஆதாரைத் திருத்துவதற்கு அஞ்சலக மையத்திலோ தாலுகா அலுவலக மையத்திலோ விண்ணப்பித்தால் போதும். ஆனால் ஆயுளில் இரண்டு முறைதான் ஆதாரில் பெயர் மாற்ற முடியும். இனிஷியலை விரித்து அப்பா பெயராகப் போடுவதா, ஓர் எழுத்தாக விடுவதா என்பதை முதல் முறையே முடிவு செய்துகொண்டு போங்கள்.

பணம் வராத வங்கிக் கணக்கு

கல்லூரி மாணவிகளுக்கான புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும் மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் இப்போது சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். பள்ளிக் கல்வித் துறைப் பதிவில் உள்ள எமிஸ் எண்ணை வைத்துத்தான் கல்லூரி சரிபார்க்கும் என்பதால், மாற்றுச் சான்றிதழோடு அந்த எண்ணையும் பள்ளியில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

“கணக்கில் ஆதார் இணைச்சாச்சு, ஆனா பணம் வரலை” என்பதுதான் நாம் அதிகம் கேட்கும் பேச்சு. வங்கி கேட்டபோது ஆதார் நகல் கொடுத்தது வேறு. அரசுப் பணம் வர அந்தக் கணக்கை என்பிசிஐ (தேசியப் பணப்பரிமாற்றக் கழகம்) பதிவில் ஏற்றுவது வேறு. இரண்டாவதற்குத் தனிப் படிவத்தில் கையெழுத்து போட வேண்டும். கடைசியாக எந்தக் கணக்கை ஏற்றினோமோ அதற்குத்தான் பணம் போகும். வீட்டில் யாரோ புதிதாக அஞ்சலகக் கணக்குத் தொடங்கிக் கொடுத்திருந்தால் பணம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். பழைய பாஸ்புக்கில் தேடிக்கொண்டிருப்போம். ‘மை ஆதார்’ தளத்தில் ஓடிபி போட்டு உள்ளே போனால் எந்த வங்கி ஏற்றப்பட்டிருக்கிறது என்று தெரியும். அதற்கு ஆதாரில் உள்ள கைபேசி எண் உயிரோடு இருக்க வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம்மில் ஓடிபி வராது.

பள்ளியில் படிக்கும்போது பெற்றோரோடு சேர்த்துத் தொடங்கிய மைனர் கணக்கில் இன்னொரு வில்லங்கம் உண்டு. 18 வயது நிரம்பியதும் புதிய புகைப்படமும் கையெழுத்தும் கொடுத்துக் கணக்கை மாற்றாவிட்டால் வங்கி முடக்கிவிடும். முதலாண்டு மாணவர்கள் சேர்க்கை முடிந்த வாரத்திலேயே இதை முடித்துவிடுவது நல்லது.

நெட் தேர்வும் ஓபிசி சான்றும்

கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வுக்கும் தகுதி பார்க்கும் யுஜிசி நெட் தேர்வு ஆண்டுக்கு இரு முறை, ஜூன், டிசம்பர் சுழற்சிகளாக நடக்கிறது. முதல் தாளில் 50 வினா, இரண்டாம் தாளில் 100 வினா, ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண், மொத்தம் 3 மணி நேரம், தவறுக்குக் கழிவு இல்லை. ஆகவே ஒரு வினாவையும் விடாமல் குறித்துவிட்டு எழுந்திருங்கள். 2024 முதல் தேர்ச்சியை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்: ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகையோடு உதவிப் பேராசிரியர் தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதியோடு பிஎச்டி சேர்க்கை, பிஎச்டி சேர்க்கை மட்டும். பிஎச்டி சேர்க்கைக்கான மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். ஜேஆர்எஃப் கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய்.

முதல் தாளில் 10 அலகு, அலகுக்கு 5 வினா. தமிழ், வரலாறு படித்தவர்கள் தரவு விளக்கத்திலும் கணிதத் திறனிலும் விட்டுவிடுகிறார்கள். அறிவியல் மாணவர்கள் இந்திய தர்க்கத்தில், பிரத்யட்சம் (நேரில் அறிவது), அனுமானம் (ஊகித்து அறிவது) என்று வந்ததும், கைவிடுகிறார்கள். இரண்டும் ஒரு மாதத்தில் பிடித்துவிடக்கூடியவை. மொழிப் பாடங்கள் தவிர மற்ற வினாத்தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகின்றன. தமிழ்வழியில் எம்.ஏ. படித்த பிள்ளை பொருளியல் வினாவைப் படித்துப் புரிந்துகொள்வதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது. இது சரியில்லை என்று இந்தச் சங்கம் தொடர்ந்து சொல்லிவருகிறது; அது மாறும்வரை பழைய வினாத்தாள்களை ஆங்கிலத்தில் போட்டுப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை.

பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றை வைத்து ஓபிசி என்று விண்ணப்பத்தில் குறித்துவிடுகிறார்கள். தேர்ச்சி பெற்ற பிறகு சான்று சரிபார்க்கும்போதுதான் அது செல்லாது என்று தெரிகிறது. மத்திய அரசுப் படிவத்தில், வளமான பிரிவினர் (கிரீமி லேயர்) அல்லர் என்ற ஓபிசி சான்று தனி. அதை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டும். 8 லட்ச வருமான வரம்பில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. இதைத் தெரியாமலே பலர் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். குரூப் ஏ, குரூப் பி பதவியில் பெற்றோர் இருந்தால் விதி வேறு. மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதால், அதையும் முதலில் பார்த்துவிடுங்கள். ஏப்ரல் பிறந்ததும் புதிதாக வாங்கி வைப்பதே பாதுகாப்பு.

தேர்வு மையம் சேலத்தில் விழுந்தால் தொப்பூர் கணவாயை மனதில் வையுங்கள். இறக்கத்தில் ஒரு லாரி சாய்ந்தால் போதும், பேருந்து அங்கேயே நிற்கும். காலை வேளைத் தேர்வென்றால் முதல்நாள் இரவே சேலம் போய்விடுவது மேல்.

என்பிடெல் பாடங்கள்

ஐஐடிகள் இணைய வழியில் நடத்தும் என்பிடெல் பாடங்கள் ஜூலையிலும் ஜனவரியிலும் தொடங்கும். பாடத்தில் சேர்வது இலவசம். தேர்வுக்கு 1,000 ரூபாய். சேர்வதும் தேர்வுக்குப் பதிவதும் இரு வேறு வேலை. பன்னிரண்டு வாரமும் அசைன்மென்ட் போட்டுவிட்டுத் தேர்வுப் பதிவை மறந்து உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் உண்டு. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்டின் சராசரிக்கு 25, நேரடித் தேர்வுக்கு 75. இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும்: 25-க்கு 10, 75-க்கு 30. கெடு முடியும்வரை அசைன்மென்டை எத்தனை முறையும் மாற்றிப் போடலாம், கடைசியாகப் போட்டதே கணக்கு.

என்பிடெல்லும் சேர்ந்த மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம் வழியாக ஒரு பட்டத்தின் கிரெடிட்டில் 40 விழுக்காடு வரை எடுக்க யுஜிசி 2021-இல் வழிவிட்டது. ஆனால் துறைத் தலைவரும் பாடத்திட்டக் குழுவும் அந்தப் பாடத்தை முன்கூட்டியே ஏற்றிருக்க வேண்டும். சான்றிதழ் வந்தபின் போய்க் கேட்டால் சுவரில் மாட்டிக்கொள்ளத்தான் பயன்படும்.

நம் மண்ணிலேயே திட்டப்பணி

தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் இறுதியாண்டு மாணவர்களின் திட்டப்பணிக்கு நிதி தருகிறது. அறிவிப்பு வந்தபின் தலைப்பு தேடினால் இணையத்தில் எடுத்த தலைப்புதான் கிடைக்கும். நமக்குத் தலைப்புப் பஞ்சமே இல்லை.

முதலாவது, நிலத்தடி நீரின் ஃபுளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே இதற்காக வந்ததுதான். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு ஆதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை. மாதிரி எடுப்பதிலேயே பாதித் திட்டப்பணி கெட்டுவிடுகிறது. ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். ஆய்வகத்தில் இருக்கிறதே என்று கண்ணாடிக் குப்பியில் பிடிக்காதீர்கள், பாலித்தீன் பாட்டிலில் பிடியுங்கள். போர் மோட்டாரைப் போட்டதும் முதலில் வரும் தண்ணீர் குழாயில் தங்கிய தண்ணீர். சில நிமிடம் ஓடவிட்டு, அதே நீரில் பாட்டிலை மூன்று முறை அலசி, பிறகு நிரப்புங்கள். இடம், ஆழம், தேதி அங்கேயே எழுதி ஒட்டுங்கள். இன்னொரு தவறு இங்குதான் நடக்கும்: மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தெருக்குழாயில் பிடித்துவிட்டு ‘போர் தண்ணீர்’ என்று எழுதுவது. பல ஊர்களில் காவிரி நீரும் போர் நீரும் ஒரே தொட்டியில் கலக்கின்றன. அந்த எண் எதற்கும் உதவாது. நிறமாற்றத்தை வைத்து அளக்கும் ஸ்பாட்ன்ஸ் (SPADNS) சாய முறையில் அளந்தால் குளோரின் கலந்த நீர் அளவைக் கெடுக்கும், முதலில் அதை நீக்க வேண்டும். அயனி மின்முனையில் அளந்தால் மாதிரிக்குச் சம அளவு டிசாப் (TISAB) என்ற சமன்படுத்தும் கரைசல் சேர்த்து, தரக் கரைசலும் மாதிரியும் ஒரே வெப்பநிலையில் இருக்கும்படி பாருங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை அப்படியே அளப்பது வீண்.

இரண்டாவது, கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளின் கழிவு. பெங்களூரா மாம்பழக் கொட்டையிலிருந்து மாவுச்சத்து, எண்ணெய் எடுப்பது நல்ல தலைப்பு. திட்டப்பணி தொடங்குவது டிசம்பரில், மாங்காய் முடிவதோ ஜூலையில். ஆகையால் இப்போதே கொட்டையை வாங்கி, ஓட்டை உடைத்து, பருப்பை நிழலில் காயவைத்து டப்பாவில் போட்டு வையுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

வரலாறு, தமிழ் மாணவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் சட்டப்பேரவையில் அறிவித்தார்கள். 2024-இல் அதே மாவட்டத்தின் சென்னானூரில் அகழாய்வு செய்தார்கள். தருமபுரி அருங்காட்சியகத்திலேயே நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. கல்வெட்டு மைப்படி எடுக்கும் ஒருநாள் பயிற்சியை வரும் ஆண்டும் வைக்கிறோம். கல்லைத் தண்ணீரும் தூரிகையும் கொண்டு கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, பிறகு மை ஒற்ற வேண்டும். எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்பீஸ், எண்ணெய், பெயின்ட் தடவுபவர்கள் பயிற்சிக்கு வர வேண்டாம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் கை வைக்கத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும்.

ஆசிரியர், அலுவலகப் பணியாளர்

யுஜிசி வழி நடக்கும் மாளவியா இயக்கத்தின் கல்லூரி ஆசிரியர் பயிற்சிகள் பெரும்பாலும் இணைய வழியில் கிடைக்கின்றன. பணியேற்புப் பயிற்சி நான்கு வாரம், புத்தொளிப் பயிற்சி இரண்டு வாரம். விடைத்தாள் திருத்தும் மாதத்தில் பதிவு செய்துவிட்டு வருகை குறைந்து சான்றிதழ் இழப்பது வாடிக்கையாகிவிட்டது. தேர்வு அட்டவணையைப் பார்த்து நாள் தேர்ந்தெடுங்கள். யுஜிசி 2018 விதிகளின்படி உதவிப் பேராசிரியரின் முதல் உயர்வுக்கு பிஎச்டி இருந்தால் நான்கு, எம்ஃபில் இருந்தால் ஐந்து, இரண்டும் இல்லையென்றால் ஆறு ஆண்டுப் பணி வேண்டும்.

ஆய்வேடு எழுதுவோருக்கு இரண்டு விஷயம். தரமான ஆய்விதழ்கள் என்று யுஜிசி வைத்திருந்த யுஜிசி-கேர் இதழ்ப் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. அந்த முத்திரையைக் காட்டி இன்னும் பணம் கேட்கும் இதழ்களிடம் ஏமாறாதீர்கள். தமிழ் ஆய்வேட்டைப் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தால் எழுத்துத் திருட்டைச் சோதிக்கும் மென்பொருளுக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏற்றினாலும் யாரும் தேடி எடுக்க முடியாது. முதல் அத்தியாயத்திலிருந்தே யூனிகோடில் அடியுங்கள். கடைசியில் மாற்றினால் ஒற்றும் கொம்பும் இடம் மாறும், மேற்கோள் எல்லாம் மீண்டும் படித்துத் திருத்த வேண்டிவரும்.

அலுவலகப் பணியாளர்களுக்கு டிஎன்பிஎஸ்சி துறைத் தேர்வுகள் மே, டிசம்பரில். தற்காலிகப் பணியில் இருப்பவர்கள் பிப்ரவரி, ஆகஸ்ட் தட்டச்சுத் தேர்வை விட்டுவிடாதீர்கள். தட்டச்சர் பணி அறிவிப்பு வரும் நாளில் சான்று கையில் இருக்க வேண்டும், தேர்வு முடிவுக்குக் காத்திருப்பதாகச் சொன்னால் எடுபடாது.

நாட்காட்டி

ஜூலையில் வழக்கமாக ஓசூர் புத்தகத் திருவிழா நடக்கும். சங்கப் பலகையில் தேதி எழுதுவோம். பொறியியல், அறிவியல் முதுநிலைப் படிப்புக்கான கேட் (GATE) தேர்வு விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பரில், தேர்வு பிப்ரவரியில். அந்த மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். செப்டம்பர் 24 நாட்டு நலப்பணித் திட்ட நாள். ஏழு நாள் முகாமுக்குப் போகாதவர்களுக்குச் சான்று வராது, ஆண்டுக்கு 120 மணி நேரப் பணியும் பதிவேட்டில் இருக்க வேண்டும். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கு முந்தைய ஆண்டிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். கோடையில் தேடினால் கிடைக்காது. பரிந்துரைக் கடிதம் தரும் ஆசிரியருக்குக் குறைந்தது இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். டிசம்பர் 22 கணித நாள் வினாடி வினா, பிப்ரவரி 28 அறிவியல் நாள் செய்முறைக் காட்சி இரண்டும் நம் பொறுப்பு. அதையொட்டிப் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாளுக்கு ஒரு பேருந்து ஏற்பாடு செய்யச் செயற்குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. அனுமதி இலவசம், வாடகை மட்டும் பங்கிட்டுக்கொள்வோம். ஓசூர், தேன்கனிக்கோட்டை மாணவர்கள் ஓசூரிலேயே ஏறிக்கொள்ளலாம்.

உதவி மேசைக்கு வருபவர்கள் பத்தாம் வகுப்புச் சான்று, ஆதார், பாஸ்புக், சாதிச் சான்று நான்கின் அசலையும் கொண்டுவாருங்கள். ஜெராக்ஸில் இனிஷியலின் புள்ளி தெரிவதில்லை. மைப்படிப் பயிற்சிக்கும் பேருந்துக்கும் பெயர் எழுதும் பதிவேடு இன்றே மேசையில் வைக்கப்பட்டிருக்கிறது.

— செயலாளர்